தங்கையாவின் பாதித் துண்டு

குன்னூரில் மெக்கானிக் கதிரைத் தெரியாத வண்டிக்காரர் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். வாய்தான் சுத்தமில்லை. பழுது என்னவென்று தெரியும் முன்பே யார் தலையிலாவது பழியைப் போட்டுவிடுவான். பெட்ரோல் பங்க்காரன் மேல், முன்னால் பார்த்த மெக்கானிக் மேல், வண்டிக்காரர் மேலேயே கூட. கேட்பவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஜெகதளாப் பக்கம் சசிதரன் நடத்தும் விருந்தினர் பங்களாவில் யாரும் சிரிக்கவில்லை.

விருந்தாளிகளைத் தேயிலைக் காட்டுக்குள் சுற்றிக் காட்ட அங்கே ஒரு ஏ.டி.வி. உண்டு, நாலு தடித்த சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி. கோடை சீசன் முடிந்ததும் கதிர்தான் அதை ஷெட்டில் ஏற்றி மூடி வைத்தான். மழைக்காலம் முழுக்கக் கிடந்த வண்டியைப் பொங்கல் விடுமுறைக்காக வெளியே தள்ளினால், ஸ்டார்ட் ஆகவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றினான். அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் வற்றிப் பிசினாக ஒட்டியிருந்தது. சுரண்டி, பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதி, திரும்ப மாட்டினான். வண்டி இருமியது, அணைந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், ஊற்றியது எரியாமல் ஒரே ஈரம். அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற சசிதரனிடம் திரும்பினான்.

“ஏனுங்க சார், பெட்ரோல எடுத்துட்டு மண்ணெண்ணெய ஊத்தி வெச்சிருக்காங்க. ஷெட்டுச் சாவி யாருகிட்டங்க இருந்துச்சு?”

சாவி வாட்ச்மேன் தங்கையாவிடம் இருந்தது. சின்ன வயதில் சிலோன் எஸ்டேட்டிலிருந்து வந்தவர். பங்களாவின் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் அவருக்கும் மனைவி தெய்வம்மாவுக்கும் வீடு. வேலை போனால் அறையும் போகும்.

“நான் தொடவேயில்ல தொர,” என்றார் தங்கையா.

“திருடுனவன் எவனுங்க ஒத்துக்குவான்?” என்றான் கதிர். தெய்வம்மா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சசிதரன் முகம் இறுகியது. “நாளைக்கு ரூமைக் காலி பண்ணிடுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதிர் டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினான். அதே இருமல். பிளக்கில் அதே ஈரம். பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, அப்படியானால் காற்று? சீட்டைத் தூக்கி ஃபில்டர் டப்பாவின் வாயில் விரலை விட்டான். துணி!

எலி கூடு கட்டாமலிருக்க மழைக்கு முன்னால் அவன் எப்போதும் அங்கே துணி அடைப்பான். வண்டியை மூடி வைத்த அன்றைக்குப் பையில் துணியில்லை. தங்கையாதான் தோளில் கிடந்த துண்டைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார். எடுக்க மறந்தவன் இவன்.

உருவினான். நீலக் கட்டம், சிவப்புக் கரை. மீதிப் பாதி குளிருக்குத் தங்கையாவின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அவரும் துணியைப் பார்த்தார்.

துணியைப் பைக்குள் திணித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே கதிருக்கு அசிங்கமாக இருந்தது. காது மடலெல்லாம் சுட்டது.

“சார், வெளிய வாங்க! நானே அடச்சு வெச்ச துணிங்க. எடுக்காம உட்டுட்டு, பெரியவரத் திருடன்னுட்டேனுங்க. அவரு மேல ஒரு தப்புமில்லைங்க.”

சசிதரன் அவனை முறைத்தார். “தங்கையா, நீங்க எங்கயும் போக வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். கதிர் ஸ்டார்ட் செய்தான். வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ச்சே, இவ்வளவுதானா!

“மன்னிச்சுக்குங்க,” என்றான் கதிர்.

“பரவால்ல தம்பி,” என்றார் தங்கையா.

தெய்வம்மா வந்து அவன் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

“துண்டு ஏன் பாதியா இருக்குன்னு அன்னிக்கு இவருகிட்டக் கேட்டேன். ‘நல்ல புள்ள, கேட்டுச்சு, குடுத்தேன்’னாரு,” என்றாள்.