மேலுமலை இறக்கத்தில் நான்கு டயர்கள்

காலை ஒன்பது மணிக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து காரை எடுத்தேன். ஓசூருக்கு ஐம்பது கிலோமீட்டர். இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எதிரெதிரே இரண்டு லாரி வந்துவிட்டால் மூன்றாவது வண்டி மண்ணில் இறங்கித்தான் ஆகவேண்டும், நெடுஞ்சாலை அப்போது அவ்வளவு அகலம்தான். அந்தச் சாலையில் வாரத்துக்கு ஆறு நாள், போக ஐம்பது வர ஐம்பது என்று நானே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். ஓசூரில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் எட்டு வருடமாக வேலை. அந்தத் தடத்தில் தினமும் கார் ஓட்டிய வேறொரு பெண்ணை நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்.

அன்று வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு கிழமை விடுமுறை, எங்களுக்கு வியாழன். டயர் வாங்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

9.20. குருபரப்பள்ளி பேருந்து நிறுத்தத்தில் சரசா ஏறிக்கொண்டாள். எங்கள் தொழிற்சாலையில் பொருத்தும் பிரிவில் பயிற்சியில் இருப்பவள். இன்னும் ஒரு மாதத்தில் வேலை நிரந்தரமாகிவிடும். அவள் மாமியார் வீட்டில் எல்லோரும் காலங்காலமாகக் கூலிக்கு வயலில் இறங்கியவர்கள். மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் இவள்தான். மாமனார் வெங்கட்டப்பா அவளை வேலைக்கு அனுப்பச் சம்மதித்ததே நான் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன் என்பதால்தான். போன வாரம் சூளகிரி அருகே வெயிலில் டயர் வெடித்து, அவள் வீடு சேர இரண்டரை மணி நேரம் தாமதமாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

"நீ எதுக்கு லீவு நாள்ல அலையற?" என்றேன்.

"உங்க வண்டிக்கு டயர் வாங்கறது என் வேலைக்கு வாங்கற மாதிரிதானக்கா. நானும் பாக்கறேன்" என்றாள்.

குருபரப்பள்ளி தாண்டியதும் மேலுமலை ஏற்றம் தொடங்கும். கிருஷ்ணகிரி வெயிலில் வெந்துகொண்டிருப்பவர்களுக்கு அந்த ஏற்றத்திலேயே காற்று மாறிவிடும். இரண்டு பக்கமும் யானை யானையாகப் பாறைகள், நடுவில் மாந்தோப்புகள். சூளகிரி தாண்டினால் சானமாவுக் காடு, அங்கிருந்து பத்து கிலோமீட்டரில் ஓசூர். ஒரு காலத்தில் ராகியும் அவரையும் விளைந்த மேட்டில் இப்போது கூரை கூரையாகத் தொழிற்சாலைகள். இந்தியாவில் எந்த மூலையில் எந்த வண்டி ஓடினாலும் அதில் ஒரு திருகாணியாவது எங்கள் ஊர்ச் சரக்காக இருக்கும் என்று நாங்கள் பீற்றிக்கொள்வதுண்டு. அது முழுப் பொய்யும் அல்ல.

10.30. பாகலூர் சாலையில் ருத்ரப்பாவின் டயர் கடை. கன்னடக்காரர், தமிழும் தெலுங்கும் சரளம். இரண்டு வகையை உருட்டிக்கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். ஒன்று நைலான், டயருக்கு எழுநூற்று எண்பது ரூபாய். தடித்த பக்கவாட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் அஞ்சாதது. மற்றது ரேடியல், ஆயிரத்து நூற்று ஐம்பது. வேகத்துக்கும் வெயிலுக்கும் என்றே செய்தது, ரோட்டை நன்றாகப் பிடிக்கும் என்றார். ஆனால் பக்கவாட்டு மெலிசு. முழுக்கக் காற்றடித்தாலும் பாதிக் காற்று போனது போல் வயிறு தள்ளிக்கொண்டிருக்கும்.

நான் இரண்டையும் தட்டிப் பார்த்தேன், நகத்தால் அழுத்திப் பார்த்தேன், முடிவு வரவில்லை. அப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. எங்கள் தொழிற்சாலையில் இரண்டு இடத்திலிருந்து சரக்கு வந்தால் வாய்ப்பேச்சை நம்பமாட்டோம். ஒரே மெஷினில், ஒரே நாளில், பாதி அது பாதி இது என்று ஓட்டிப் பார்ப்போம். எது தாங்குகிறதோ அதற்குத்தான் கையெழுத்து.

"அண்ணா, முன்னாடி ரெண்டு ரேடியல், பின்னாடி ரெண்டு நைலான் மாட்டுங்க. கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு நடை போயி வந்து, நல்லதுல நாலு வாங்கிக்கறேன்."

ருத்ரப்பா தலையை ஆட்டினார். "பேடா மேடம், வேணாம். ஒரே கார்ல ரெண்டு ஜாதி ஆகாது. மாட்டியே ஆகணும்னா ரேடியல பின்னாடி போடுங்க."

"ஸ்டியரிங் முன்னாடிதான இருக்குது? முன்னாடி மாட்டுனாதான எனக்குக் கையில தெரியும்? எட்டு வருஷமா டெஸ்ட் பண்றவ நான்."

நிரந்தர வாடிக்கை கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அரை மனதோடு மாட்டிக்கொடுத்தார்.

12.20. ஓசூரை விட்டுக் கிளம்பினோம். சானமாவில் நிறுத்தி நான்கு டயரையும் தொட்டுப் பார்த்தேன். சூளகிரி வரை நல்ல வேகத்தில் ஓட்டி மறுபடி தொட்டுப் பார்த்தேன். முன் டயர் வெதுவெதுப்பாக இருந்தது. பின் டயரில் கை வைத்து மூன்று எண்ண முடியவில்லை. ரேடியல் ஜெயித்துவிட்டது. சரசாவையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, இப்படித்தான் ஒரு பொருளைச் சோதிக்க வேண்டும் என்று நீளமாகப் பேசிக்கொண்டே வந்தேன். ஓசூருக்கே திரும்பியிருக்கலாம், சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை, மேலுமலை இறக்கத்திலும் பார்த்துவிடலாம் என்று போனேன்.

1.40. மேலுமலை. கோடை மழை பத்து நிமிடம் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. காய்ந்த தாரில் முதல் மழை விழுந்தால் எண்ணெய் தடவியது போல் ஆகிவிடும். இறக்கத்தின் இரண்டாவது வளைவில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். முன்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொண்டு சொன்னபடி திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. வெளிப்பக்கமாக வழுக்கிப் போனது. பாறை, தோப்பு, வானம் எல்லாம் கண்ணாடியில் ஒருமுறை ஓடின. கார் அரை வட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி சாலையோரச் சேற்றில் போய் நின்றது.

எதிரே வண்டி வராததால் பிழைத்தோம். வேறு காரணம் இல்லை.

பின்னால் வந்த நாமக்கல் லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, அடி எதுவும் படவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு டயர்களைப் பார்த்தார்.

"முன்னாடி ஒரு ஜாதி, பின்னாடி ஒரு ஜாதி. எந்தக் கடைக்காரன்மா இப்பிடி மாட்டி அனுப்புனான்?"

கடைக்காரர் மேல் போட்டுவிட்டுப் போக நல்ல வாய்ப்பு. வாய் வரை வந்தது.

"அவரு வேணாம்னுதாண்ணா சொன்னாரு. நான்தான் மாட்டச் சொன்னேன்" என்றேன்.

அவர் காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டுப் போனார். சரசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. மழைன்னு சொல்லிக்கலாம். தெரிஞ்சா நாளைலேந்து அனுப்ப மாட்டாரு."

எனக்கு அவமானமாக இருந்தது. என் திறமையைக் காட்டிக்கொள்ள அவள் வேலையை, அவள் உயிரையே வைத்து விளையாடியிருக்கிறேன். ஆய்வாளரின் தவறால் ஒரு பொருள் கெட்டால், மெஷின் மேல் பழி போடாமல் தன் பெயரை எழுதிச் சிவப்புச் சீட்டுக் கட்ட வேண்டும் என்பது எங்கள் பிரிவின் வழக்கம். எத்தனையோ பேரை அப்படிக் கட்ட வைத்திருக்கிறேன்.

2.30. மாட்டு வண்டி வேகத்தில் இறங்கி, குருபரப்பள்ளியில் காரைச் சாலையில் நிறுத்திவிட்டு நடந்தே அவள் வீட்டுக்குப் போனோம். வெங்கட்டப்பா வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என் புடவையில் இருந்த சேற்றைப் பார்த்து, "ஏமாயிந்தி?" என்று தெலுங்கில் என்ன ஆச்சு என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"மட்டமான டயரா?" என்றார்.

"ரெண்டும் நல்ல டயர்தான் மாமா. ஒரே வண்டியில ரெண்டையும் மாட்டுனதுதான் தப்பு. கடைக்காரர் வேணாம்னாரு, நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"எல்லாம் எனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

அவர் இன்னும் இரண்டு மூன்று கொட்டைகளை எடுத்துப் போட்டார். சரசா கதவோரம் அசையாமல் நின்றாள்.

"இப்ப என்னா பண்ணப் போற?"

"ஓசூர் போயி நாலும் ஒண்ணா மாட்டிட்டு வரேன். சரசா இங்கயே இருக்கட்டும்."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நானும் வரேன். அந்த வளைவ நான் பாக்கணும்."

கிளம்புமுன் ஜாக்கி போட்டு, முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினேன். ருத்ரப்பா சொன்ன முறையாவது இருக்கட்டும் என்றுதான். முக்கால் மணி நேரம் ஆனது. நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெங்கட்டப்பாவும் அவர்களில் ஒருவராக நின்று பார்த்தார்.

4.30. மறுபடி ருத்ரப்பா கடை. "பேடான்னு சொன்னேனா இல்லயா?" என்றார். "சொன்னீங்கண்ணா" என்றேன். வெங்கட்டப்பா இரண்டு வகையையும் தூக்கிப் பார்த்து, தடித்ததே மேல் என்று நைலானைக் காட்டினார்.

"கல்லு ரோட்டுக்கு அது மேல்தான் மாமா. நமக்கு அம்பது கிலோமீட்டரும் தாரு. வெயில்ல இது அவ்வளவா சூடாகல. ஈரத்துல ரோட்டப் புடிக்குது, அதுதான் ஆபத்தாவும் போச்சு. நாலும் இதுவா இருந்தா பின்பக்கமும் சேந்து புடிக்கும்."

"தொட்டுப் பாத்தியா?"

"நானும் பாத்தேன், சரசாவும் பாத்தா."

"அப்ப அதுவே போடு" என்றார்.

6.20. மேலுமலை. சாயங்காலம் இன்னொரு தூறல் விழுந்து சாலை மறுபடி ஈரமாக இருந்தது. வெங்கட்டப்பா முன்சீட்டில் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஐம்பதுக்கு மேல் போகவில்லை. வளைவில் கார் கோடு போட்டது போல் திரும்பி இறங்கியது.

"இன்னொரு வாட்டி" என்றார்.

மேலே போய்த் திரும்பி இறங்கினேன். "இன்னொரு வாட்டி." மூன்றாவது முறை இறங்கும்போது அவர் கை மடியில் இருந்தது. ஜன்னல் வழியாக மாந்தோப்புகளைப் பார்த்து இது யாருடையது, அது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். குருபரப்பள்ளியில் இறங்கியதும் காரைச் சுற்றி வந்து நான்கு டயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"நாளைலேந்து சரசாவ ரோட்ல நிக்க வெக்காத. வீட்டாண்டயே வா" என்றார்.

ஏழு மணி தாண்டி வீடு சேர்ந்தேன். அன்று ஓடியது நூற்று எழுபது கிலோமீட்டருக்கும் மேல். தெரியாத ஊர் ஒன்றையும் பார்க்கவில்லை, தினமும் போகும் ஒரே சாலைதான். ஆனாலும் என் வாழ்நாளில் நான் போன மிகத் தூரமான பயணம் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

மறுநாள் காலை முதல்முறையாகக் காரை அவர்கள் தெருவுக்குள் திருப்பினேன். குறுகலான தெரு. வழியில் ஓர் எருமையும், ஒரு சைக்கிளும், பல் விளக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேரும். வெங்கட்டப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவந்து, இரண்டு கையையும் நீட்டி எல்லோரையும் விலக்கிக்கொண்டிருந்தார்.

"ஒதுங்குங்கப்பா, ஒதுங்குங்க. எங்க சரசா கம்பெனிக்குப் போவணும்."