இரண்டு சாட்சிகளும் ஒரு ஸ்பீக்கரும்

கருவூலத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் பெரும்பாலும் கோயில் கமிட்டியில் சேர்வார்கள். நான் ஜவ்வாது மலையில் வீடு கட்டிக்கொண்டு, மடிக்கணினியில் பழைய வீடியோ கேம் ஆடினேன். மகன் பள்ளியில் படித்தபோது டிவியில் கேசட் சொருகி ஆடியவை. அவனைவிட நான்தான் அதிகம் ஆடினேன். அந்தப் பழைய பெட்டி இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். அதைப் போட்டுத் தந்தவன், ஒடுகத்தூரில் மொபைல் கடை வைத்திருக்கும் என் மைத்துனன். மடிக்கணினியின் சத்தம் போதாது என்று அன்றே ஒரு புளூடூத் ஸ்பீக்கரையும் அன்பளிப்பாகத் தந்தான்.

பொத்தானை அழுத்தினால் பொம்மை குதிக்கும். அது தரைக்குத் திரும்பும்போதுதான் குதிக்கும் சத்தம் கேட்கும்.

இந்தத் தாமதத்தைச் சரிசெய்ய முறைப்படி இறங்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, பலனில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுவது. ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்து வெளியே விடும் பஃபரைக் குறைத்தேன். சத்தம் கரகரத்ததே தவிர தாமதம் போகவில்லை. கணினியின் ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். எமுலேட்டரையே நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஸ்பீக்கரைத் தொடவில்லை. அன்பளிப்பைத் தணிக்கை செய்யும் வழக்கம் எங்கள் துறையில் கிடையாது.

மைத்துனன் வந்தபோது ஆடிக் காட்டினேன்.

"எனக்கு உடனே கேக்குதே மாமா," என்றான். "உங்க காதுதான் லேட்டாவுது போல."

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். சமையலறையிலிருந்து வந்து, நின்று, கேட்டுவிட்டு, "சரியாத்தானே வருது," என்றாள்.

இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தந்தால் ஏற்றுக்கொள்வது என் பணிக்காலப் பழக்கம். ஏற்றுக்கொண்டேன். மலைப்பாதையில் எதிரே வரும் பஸ் கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிய வேண்டும். காது தாமதிப்பவன் கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்டக் கூடாது. என் பைக்கை மைத்துனனுக்குக் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான எல்லாக் காகிதங்களையும் நானே தயாரித்தேன்; ஒரு பிழை இல்லை. அவன் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னான். முறைக்கு ஒரு முறை.

பிறகு ஒரு மழைக்காலப் பகலில், மின்சாரம் வராமல் ஸ்பீக்கரின் சார்ஜ் தீர்ந்துபோனது. மடிக்கணினி தன் மெல்லிய குரலிலேயே பேசியது. அழுத்தினேன், பொம்மை குதித்தது, அதே கணம் சத்தம் வந்தது. திரும்பத் திரும்பக் குதிக்கவைத்தேன். என் காதில் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு மைத்துனன் வந்தான், என் பைக்கில்.

"புளூடூத்துல சத்தம் லேட்டா வரும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"கடை வெச்சிருக்கறவனுக்குத் தெரியாம இருக்குமா மாமா? பாட்டு கேட்டா தெரியாது. கேம் ஆடினா தெரியும்."

"அப்ப காதுன்னு ஏன்டா சொன்ன?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"அவன் வெளாட்டுக்குத்தான் சொன்னான். நான்தான் அப்பிடியே இருக்கட்டும்னேன்," என்றாள் மனைவி. "அந்த வளைவுல நீங்க போற வேகத்துக்கு, வூடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசிரு கெடையாது. எத்தினி தபா சொன்னேன்? கேட்டீங்களா?"

"அதுக்காக என்னைச் செவிடனாக்குவியா?"

"வேற இன்னா சொன்னா அடங்குவீங்க?"

மைத்துனனிடம் கையை நீட்டினேன். "சாவியக் குடு."

"குடுக்கறதுக்கு இன்னா மாமா. ஆனா வண்டி எம்பேர்ல இருக்குதே. மாத்திக் குடுத்தது நீங்கதானே?"

நான்தான். சாப்பிட்டுவிட்டு, "வர்றேன் மாமா" என்று அவன் கிளம்பினான். முதல் வளைவில் ஹார்ன் அடித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள் பயம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சில மாதங்கள் கண்ணாடி முன் நின்று விரலைச் சொடுக்கி என் காதை நானே சோதித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் எனக்குக் காபி கொடுத்தாள். இப்போதெல்லாம் மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று அவள் சொன்னால், முதலில் வெளியே போய் வானத்தைப் பார்க்கிறேன். அவள் கதவருகே நிற்கிறாள்.