கொப்பரைத் தராசில் இரண்டு பேர்

என் மனைவிக்கு எடை கூட வேண்டும் என்று டாக்டர் சொன்ன பத்தியத்தில் நான் ஒன்பது கிலோ கூடினேன். அவளுக்குக் கூடவிடாமல் நடுவில் தடுத்ததும் நான்தான். இரண்டையும் மிகுந்த அன்போடு செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கோவையில் வாடகை வீடு. அவளுக்கு எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் தங்காது. வளையல்கள் முழங்கை வரை போய்விட்டு வரும். குடல் டாக்டர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்குதுங்க, இவங்க குடலுக்கு அது ஆகாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா ஒண்ணும் வாயில படக்கூடாது. குடல் ஆறுச்சுன்னா எடை தானா ஏறும்" என்றார். தெருவுக்கு இரண்டு பேக்கரி இருந்த ஊரில் அது ஏறக்குறைய நாடுகடத்தல்தான்.

மாமனாருக்கு ஆனைமலையில் கொப்பரைக் கிடங்கு. விஷயம் கேட்டதும் மகளை மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றினார். முப்பத்தொன்பது. பிறகு என்னைப் பார்த்தார். மகளை மட்டும் நிறுத்தால் மாப்பிள்ளை சோறு போடவில்லை என்று சந்தேகப்படுவது போலாகிவிடுமே?

"நீங்களும் ஒருக்கா ஏறிப்போட்டு எறங்குங்க மாப்ளே, சும்மா" என்றார்.

ஏறினேன். அறுபத்திரண்டு. இரண்டு எண்களையும் சாக்கட்டியால் கிடங்குச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார்.

"தைப்பொங்க நோம்பி வரைக்கும் பாக்கலாமுங்க. நாப்பத்திநாலு வரலீன்னா அம்மணி கொஞ்ச நாளைக்கு நம்மூட்டுல இருக்கட்டும். உங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. அது ஆடி மாதம். எனக்கு ஆறு மாதம் இருந்தது.

மனைவி தனியாகப் பத்தியம் இருக்கக்கூடாது என்று நானும் கோதுமையைத் துறந்தேன். சப்பாத்தி போன இடத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் நெய்யோடு வந்தது. பன் போன இடத்துக்குக் கச்சாயம். அரிசி மாவும் வெல்லமும்தானே, குற்றமில்லை. இடியாப்பம் மாதிரிப் பிழியும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வாரம் மூன்று நாள். அவள் இரண்டு பிடி சாப்பிட்டுத் தட்டை நகர்த்துவாள். வீணாக்கக்கூடாது என்று மிச்சத்தையும் நானே கவனித்துக்கொண்டேன்.

மாதம்தோறும் உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி சாலையின் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டே தராசுக்குப் போவோம். கிடங்கின் அந்த எண்ணெய் வாசனை இன்றும் எங்காவது அடித்தால் பாதத்துக்கடியில் தராசு லேசாக ஆடுகிறது. ஆவணியில் அவள் நாற்பத்தொன்று, புரட்டாசியில் நாற்பத்திரண்டு. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

நூலகத்தில் செரிமானம் பற்றி மூன்று புத்தகம் எடுத்துப் படித்தேன். மூன்றும் பெருங்காயத்தைப் புகழ்ந்தன. மளிகைக் கடையில் தூள் பெருங்காயம் டப்பா டப்பாவாக வாங்கி வந்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மோரில் ஒரு கரண்டி கலந்து நானே கையில் கொடுத்தேன்.

"ஏனுங்க, இதைக் குடிச்சா வகுறு பொருமுதுங்க" என்பாள்.

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். குடி கண்ணு."

ஐப்பசியில் நாற்பத்தொன்று. கார்த்திகையில் நாற்பது. வளையல் மறுபடியும் முழங்கைக்குப் போனது. மாமனார் என் எண்ணையும் எழுதினார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும், "அங்க போயி எத்தனை நாளுங்க இருக்கோணும்?" என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்து கரண்டியை ஒன்றரையாக்கினேன்.

அந்த வாரம் காலி டப்பாவைக் கழுவப் போனவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இதுல என்னமோ எழுதியிருக்குதுங்க."

எறும்பு போன்ற ஆங்கில எழுத்தில் அதில் கலந்திருப்பவை பட்டியல் இருந்தது. பெருங்காயம் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் கோந்து. அதற்கும் முன்னால், முதலிடத்தில், கோதுமை மாவு.

"மூணு பொஸ்தகம் படிச்சீங்களே, டப்பாவைப் படிக்கலீங்களா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இன்று கடைகளில் குளூட்டன் இல்லாதது என்று தனி அலமாரியே இருக்கிறது. பெருங்காயம்கூட அதில் கிடைக்கிறது. அன்று எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, டப்பா கழுவும்போது அவள் போட்டிருந்த கண்ணாடிதான்.

மோர் வெறும் மோரானது. மார்கழியில் நாற்பத்திரண்டு. தைப் பொங்கலுக்கு மறுநாள் கிடங்குக்குப் போனோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். மாமனார் குனிந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நாற்பத்திநாலு. சாக்கட்டியை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதினார்.

வழக்கமான மரியாதைக்காக என்னையும் ஏறச் சொன்னார். எழுபத்தொன்று.

அதையும் எழுதினார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, ஆடியிலிருந்து தை வரை சுவரில் இறங்கி வந்த இரண்டு வரிசைகளையும் நிதானமாகப் படித்தார். ஆறு மாதம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அம்மணி இங்க வர வேண்டாமுங்க மாப்ளே. நீங்க வேணா ஒரு மாசம் வந்து இருங்க. கொப்பரை மூட்டை தூக்க ஆள் பத்தலீங்க."