இடப்பக்கத்துப் பஞ்சு

பழுப்புத் தாளை மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க ஒரு ஓரத்தில் பெரிய கத்தரியை வைத்தாயிற்று. ஆண்களுக்கு ஸ்கேல் பிடித்துக் கட்டம். பெண்களுக்குத் தையல் மெஷின் பாபினைச் சுற்றி வட்டம். நோய் கண்டவர்களைப் பென்சிலால் கறுக்க வேண்டும். இரண்டு முறை முனை முறிந்தது. அந்த அழுத்து அழுத்தினால் முறியாமல் என்ன செய்யும்?

அடைக்கலமேரி ராயபுரத்தில் முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறாள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். ஒரு நூல் கோணினாலும் முழுத் தையலையும் உருவிவிடுவாள்.

போன வருடம் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய். மார்பை எடுத்த அறுவை முடிந்து ரத்தத்தைச் சோதித்ததில், ஒரு மரபணு பிறவியிலேயே பழுதாக இருப்பது தெரிந்தது. தம்பி பாஸ்கலுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவனுக்கு இருந்தால் அவன் மகள் டெபோராவுக்கும் அதே கணக்கு. இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை. தெரிந்துகொண்டால் முன்கூட்டியே கண்காணிக்கலாம் என்றார் டாக்டர். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டார்; அதை வம்சப் படமாக வரைந்து கொண்டுவரவும் சொன்னார்.

"இருதயம்மாள் அத்தைக்கு டைபாய்டு," என்றுதான் அவள் வாயிலும் வந்தது. பழக்கம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அளவு நோட்டுகளை இறக்கினாள். இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: இருதயம்மாள் அத்தை, வயது 41, இடப்பக்கம் பஞ்சு வைக்கணும். நான்கு நோட்டு தள்ளி, ரோசி அத்தை, வயது 46, வலப்பக்கம் பஞ்சு. இரண்டு பேருமே அப்பாவின் தங்கைகள்.

இரண்டு வட்டங்களையும் கறுத்துக்கொண்டிருந்தபோது பாஸ்கல் வந்தான்.

"இன்னாக்கா, இத்த ஊரெல்லாம் ஒட்டப்போறியா? கோயில்ல இப்பதான் டெபோரா கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிச்சாங்க. இன்னும் ரெண்டு கீது. மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்."

"நீ டெஸ்டுக்கு ரத்தம் குடுடா. உங்கிட்ட இல்லன்னா, உன் வழியா அவளுக்கு வராது."

"இது பொம்பள நோவு. அப்பாவுக்கு வந்துச்சா? எனக்கு எப்டி வரும்? எல்லாம் கம்பெனிப் புகை."

"அந்தப் புகை நம்ம வூட்டுக் கதவ மட்டும் தட்டிகினு வருதா? எதிர் வூட்டு சபீஹாவும் அதத்தான் முழுங்கிகினு கீது. அப்பா நாப்பது வயசுல ஹார்பர்ல வுழுந்து செத்தாரு. நோவு வர்றதுக்கு அவருக்கு ஏது டைம்? ஆம்பளைக்கு ஒண்ணும் வரலன்னாலும் அவன் வழியா புள்ளைக்கு எறங்கும்டா. இந்தா, நோட்டப் பாரு!"

அவன் பார்க்கவில்லை. "செத்தவங்கள ஏன்கா அசிங்கப்படுத்தற?"

"அசிங்கமா?" நோட்டை மேசையில் அறைந்தாள். "யாருக்கும் தெரியாம பஞ்சு வெச்சு தெச்சுக் குடுத்தது நானு. அப்பவே வாயத் தொறந்திருந்தா எனக்கு முன்னாடியே பாத்திருப்பாங்க. அதே பஞ்ச இப்ப நான் வெச்சிகினு கீறேன். உன் பொண்ணுக்கும் நானே தெச்சுக் குடுக்கணுமா?"



வாசலில் டெபோரா, கையில் ஹெல்மெட்டோடு. "அத்த, படம் முடிஞ்சிச்சா? ஒம்போது மணிக்கு ஆஸ்பத்திரில டோக்கன். அப்பா குடுக்கலன்னா நான் குடுத்துக்கறேன்."

"மாப்ள வில்சனுக்குத் தெரிஞ்சா?" என்றான் பாஸ்கல்.

"நேத்தே சொல்ட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"கீழ வண்டியோட நிக்கறான். நீயே போய்க் கேளு."

அடைக்கலமேரி தாள்மேல் குனிந்தாள். அப்பாவின் கட்டத்திலிருந்து பாஸ்கலுக்கு இறங்கிய கோடு மயிரிழை கோணியிருந்தது. அழித்து, ஸ்கேல் வைத்து, மறுபடி போட்டாள். தன் வட்டத்தை விளிம்புவரை கறுத்தாள். டெபோராவின் வட்டத்தை வெறுமையாக விட்டாள். ரவிக்கையை மடிப்பதுபோலத் தாளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, பாஸ்கலைத் தாண்டிக் கை நீட்டி, டெபோராவிடம் கொடுத்தாள்.