ஏழு என்று எழுதி வைத்தேன்

போன வாரம் அலுவலகத்தில் ஒரு பழைய மென்பொருள் கருவியின் புதிய பதிப்பை நிறுவினேன். சோதித்துப் பார்க்க என் பழைய விதிக் கோப்பு ஒன்றை அதற்குக் கொடுத்தேன். திரையில் வார்னிங் வந்தது. வார்னிங் வருவது புதிதில்லை, வந்த விதம்தான் புதிது. இப்படி ஒரு வரி வந்தால் அதை இந்த விதமாகவும் படிக்கலாம், அந்த விதமாகவும் படிக்கலாம் என்று உதாரணத்தோடு இரண்டு படம் போட்டுக் காட்டியது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, நல்ல வசதியாக இருக்கிறதே என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினேன். இதே வேலையைக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவருக்கு வேலை போனது என்னால்.

இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நடுவில் நான் வேறு எங்காவது கிளம்பிவிட்டால் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். நழுவுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

என் முதல் வேலை திருவண்ணாமலையில், தேரடித் தெருவில், ஒரு பூஜைச் சாமான் கடையின் மாடியில். மொத்த வியாபாரக் கடை. மூட்டை மூட்டையாகச் சாம்பிராணியும் பெட்டி பெட்டியாகக் கற்பூரமும் வந்து இறங்கும். அந்த வாசனை படியேறி வந்து எங்கள் கம்ப்யூட்டர்கள், சட்டை, மதியச் சாப்பாடு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். என் தயிர்சாதம் மூன்று வருடம் கற்பூர மணத்தோடுதான் இருந்தது. இன்றைக்கும் யாராவது கற்பூரம் ஏற்றினால் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை, கீபோர்டு ஞாபகம்தான் வருகிறது.

முதலாளியைக் குமார் அண்ணன் என்போம். எஸ்.டி.டி. பூத், ஜெராக்ஸ் கடை என்று படிப்படியாக வந்து மென்பொருளில் நின்றவர். நல்ல மனிதர், ஆனால் சகுனம் பார்ப்பவர். அவருக்குக் கீழே நாங்கள் இரண்டே பேர், நானும் செல்வியும். செல்வி கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து வருவார். அவர் அப்பா மணிலாக்கொட்டை பயிர் செய்கிறவர். காலையில் மொபெட்டில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாடிப்படி ஏறி அவர் உள்ளே போகும்வரை கீழே நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்.

எங்கள் மென்பொருளின் வேலை, லாட்ஜ்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிப்பது. அப்போது எல்லார் கையிலும் பெரிய போன் கிடையாது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள், "டபுள் 2, ஏசி, சனிக்கிழமை" என்கிற மாதிரி ஒரு செய்தி அனுப்புவார்கள். அதை எங்கள் மென்பொருள் பிரித்துப் படித்து அறை ஒதுக்கிவிடும். இப்படிப் படிக்கிற பகுதியை நாங்கள் கையால் எழுதவில்லை. பார்ஸர் ஜெனரேட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, முதலில் சொன்னேனே, அதுதான். செய்தி எப்படியெல்லாம் வரலாம் என்று நாம் விதிகளை எழுதிக் கொடுத்தால், படிக்கும் நிரலை அதுவே செய்து தரும். ஒரே செய்தியை இரண்டு விதமாகப் படிக்க நம் விதிகள் இடம் கொடுத்துவிட்டால் மட்டும் ஒரு வார்னிங் சொல்லும். சொல்லிவிட்டு, இரண்டில் ஒன்றைத் தானாகவே எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும்.

இந்த இடத்தில்தான் குமார் அண்ணனின் பழக்கம் வருகிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கு முன்பும் புதிய லாட்ஜ் ஒன்றிரண்டு சேரும். அன்று நல்ல நேரம் பார்த்து, லாட்ஜ்காரர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மானிட்டருக்குக் குங்குமம் வைத்து, கீழேயிருந்து ஒரு கட்டி கற்பூரம் வாங்கி ஏற்றுவார். கற்பூரம் எரிகிறபோதே நான் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி ஓடவிட வேண்டும். முதல் தடவை கற்பூரத்துக்கு எதிரில் ஆறு வரி வார்னிங் வந்து நின்றது. லாட்ஜ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, நல்ல காரியம் ஆரம்பிக்கும்போது இந்த வார்த்தை கண்ணில் படவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் இணையத்தில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தான். விதிக் கோப்பின் தலையில், சதவீதக் குறி போட்டு எக்ஸ்பெக்ட் என்று எழுதி, பக்கத்தில் ஓர் எண் கொடுத்தால் போதும். இத்தனை குழப்பம் இருப்பது எனக்குத் தெரியும், பார்த்துவிட்டேன், நீ பேசாதே என்று கருவிக்கு நாம் கொடுக்கும் உத்தரவு அது. நான் ஆறு என்று எழுதினேன். திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. அந்த ஆறில் ஒன்றையாவது நான் பார்த்திருந்தேனா என்று கேட்காதீர்கள். என் பயோடேட்டாவில் அந்தக் கருவியில் தேர்ச்சி உண்டு என்று வேறு எழுதியிருந்தேன்.

செல்வி அப்படியில்லை. கருவியிலேயே ஓர் ஆப்ஷன் உண்டு, அதைக் கொடுத்தால் எந்த விதி எந்த விதியோடு மோதுகிறது என்று நூறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதித் தரும். மனிதன் படிக்கிற அறிக்கையே இல்லை. அவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு வந்து குவிந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பார். ஒரு குழப்பத்தைத் தீர்க்க அவருக்கு இரண்டு நாள் ஆகும். நான் அதற்குள் நான்கு புதிய வசதிகளைச் சேர்த்துவிடுவேன். அண்ணன் என்னைக் கெட்டிக்காரன் என்றார், செல்வியைக் கொஞ்சம் ஸ்லோ என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

ஒருமுறை ஒரு லாட்ஜ்காரர், படியேற முடியாதவர்கள் வருகிறார்கள், கீழ்த்தளம் கேட்க வசதி வேண்டும் என்றார். நான் ஒரு மதியத்தில் அதை எழுதி முடித்தேன். ஒவ்வோர் அறைக்கும் தனியாகக் "கீழே" என்று போடலாம், கடைசியில் மொத்தமாக ஒரு தடவையும் போடலாம். இப்போது கடைசியில் வரும் "கீழே" எல்லா அறைகளுக்குமா, கடைசி அறைக்கு மட்டுமா? கருவி அந்தக் குழப்பத்தையும் எண்ணிக்கொண்டு, நீ சொன்னது ஆறு, இங்கே ஏழு இருக்கிறது என்று நின்றுவிட்டது. நான் ஆறை அழித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

செல்வி கவனித்துவிட்டார்.

"இது எப்பங்க ஏழாச்சு? இன்னானு பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் செல்வி. ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்குது."

"இல்ல, சந்தேகம்னா ஒரு போன் போட்டுக் கேக்கற மாதிரி வெச்சிடலாம்னு..."

பார்த்துவிட்டேன் என்றேனே என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். அவர் நம்பிவிட்டார். என்னைவிட மெதுவாக வேலை செய்தவர், என்னை அவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் புதிய லாட்ஜ் ஒன்றின் பெயரைச் சேர்க்கவேண்டி இருந்தது. நான் வேறு வேலையில் இருந்ததால் செல்வி கோப்பைத் திறந்து அந்தப் பெயரை மட்டும் சேர்த்தார். கற்பூரம் ஏற்றினோம். திரை சுத்தமாக இருந்தது.

பௌர்ணமி அன்று மதியம், ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி ஊழியர்கள் பதினோரு பேர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் எழுபதை ஒட்டியவர்கள். "டபுள் 4, ட்ரிபிள் 1, கீழே" என்று ஒழுங்காகத்தான் செய்தி அனுப்பியிருந்தார்கள். எங்கள் மென்பொருள் கடைசி அறையை மட்டும் கீழ்த்தளத்தில் கொடுத்து, மற்ற நான்கையும் மூன்றாம் மாடியில் போட்டிருந்தது. லிஃப்ட் இல்லாத லாட்ஜ். பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் வேறு அறைக்கு எங்கே போவது? ரொம்பவும் முடியாத மூன்று பேருக்குக் கீழ் அறையை விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறியிருக்கிறார்கள். அதில் ஒரு நர்ஸம்மா, எனக்கென்ன, நான் ஏறிவிடுவேன் என்று முன்னால் போனாராம். இரண்டாம் மாடி திருப்பத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

அந்த அம்மா பிறகு எழுந்து நடந்தாரா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் காலை லாட்ஜ்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். செல்வி இன்னும் வரவில்லை. பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் கிளம்பி வரமுடியும். அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து, கடைசியாக அந்த ஃபைலில் கை வைத்தது யார் என்று கேட்டார். கேள்வியை அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நான் அந்த நேரத்துக்குள் விதிக் கோப்பைத் திறந்து பார்த்திருந்தேன். ஏழாவது குழப்பம் எது என்று அப்போதுதான், முதல் தடவையாக, பார்த்திருந்தேன்.

"கடைசியா தொட்டது செல்விதாண்ணே," என்றேன்.

ஒரு சொல் பொய்யில்லை, கவனித்தீர்களா? இத்தனை வருடம் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

செல்வி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. அவரை இனி கம்ப்யூட்டரில் உட்கார விடவேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். செல்வி நேராக என்னிடம் வந்தார். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வாத்தியாரிடம் விடைத்தாள் வாங்க வந்த மாதிரி வந்தார்.

"நீங்க பாத்தீங்களா? நான் போட்டதுலதான் தப்பா?"

பூசி மெழுக அங்கே இடமே இல்லை. ஆமாம் அல்லது இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு, அப்படித்தான் தெரிகிறது என்றேன். அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்கடுத்த நாள் அவர் அப்பா வந்தார். அந்த மாடிக்கு அவர் ஏறியது அந்த ஒரு தடவைதான். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டிருந்தார். அண்ணன் உட்காரச் சொல்லியும் உட்காராமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். "எம் பொண்ணால ஒரு அம்மா வுழுந்துட்டாங்களாமே. வேணும்னு பண்ணியிருக்க மாட்டா. மன்னிச்சிக்குங்க," என்றார். பிறகு என் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். நான் எழுந்து நின்றேன். மரியாதைக்கு எழுந்ததாக அவர் நினைத்திருக்கலாம். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வாரமே கோப்பைத் திருத்தினேன். செல்வி சொன்னபடி, சந்தேகமான செய்தி வந்தால் போன் செய்து கேட்கும்படி வைத்தேன். சீக்கிரம் சரிசெய்துவிட்டாய் என்று அண்ணன் சம்பளத்தைக்கூட ஏற்றினார். அதைக் காட்டித்தான் சென்னையில் அடுத்த வேலை கிடைத்தது. அங்கே நான், எச்சரிக்கை எதையும் மூடி மறைக்கக் கூடாது, ஒரு வார்னிங் வந்தாலும் வேலை நிற்கவேண்டும் என்கிற ஆப்ஷனைப் போட்டுத்தான் எல்லாம் செய்வேன். கண்டிப்பான ஆள் என்று பெயர். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கூசும்.

புதிய பதிப்பு போட்ட அதே வாரம், மனசு கேட்காமல் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். தேரடித் தெருவில் எங்கள் மாடி இடிந்து வேறு கட்டடம் வந்துவிட்டது. குமார் அண்ணன் மகனோடு வெளியூர் போய்விட்டார். குறுஞ்செய்தியில் அறை கேட்பதெல்லாம் எப்போதோ ஒழிந்துபோனது. செல்வி வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில், ஜனங்களுக்கு விண்ணப்பம் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது.

பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லி டீ சொன்னார். நிரல் எழுதுவதை அன்றோடு விட்டுவிட்டதாகச் சொன்னார். நம்ம கையால் இன்னொருத்தருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று பயம் வந்துவிட்டதாம். விண்ணப்பத்தில் ஒரு பெயரை மூன்று தடவை சரிபார்ப்பாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் சொன்னேன். ஆறு ஏழானது, நான் பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்றது, அன்று காலையிலேயே எனக்குத் தெரியும் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். டீ ஆறிப்போனது. பட்டாவுக்கு வந்த ஒருவர் வாசலில் நின்றார், செல்வி அவரை உட்காரும்படி கை காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பா அன்னியிலேர்ந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போறவங்களுக்குத் தண்ணி குடுத்தாருங்க. எம் பொண்ணு பண்ண பாவம் போவட்டும்னு. கால் வீங்கிப் போச்சு, வேணாம்பான்னா கேக்கல. போன தை மாசம்தான் போய்ச் சேந்தாரு."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. வாசலில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டு, ஆதார் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

திரும்பும்போது ஆட்டோவை அடி அண்ணாமலை வழியாக விடச் சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்த இடத்தை அங்கே ஒரு கடைக்காரர் காட்டினார். ரோட்டோரம் நான்கு செங்கல் அகலத்துக்கு மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. குடம் இல்லை, அவரும் இல்லை. என் தவறுக்காக அவர் யார் யாருக்கோ தண்ணீர் கொடுத்திருக்கிறார். அது உங்கள் மகள் செய்ததில்லை என்று சொல்வதற்கு எனக்கு அத்தனை பௌர்ணமிகள் இருந்தன.