கொத்து இல்லாத முனை

எங்கள் அப்பா பூபதி நடக்கிற மனிதர் இல்லை, ஓடுகிறவர். கொல்லிமலையில், எங்கள் ஊரான பைல் நாட்டிலிருந்து சந்தைக்கு மிளகு மூட்டையோடு கிளம்பினால் அம்மா ஒரு கூப்பிடு தூரம் பின்னால்தான் வருவாள். பாதை பிரிகிற இடத்தில் அப்பா பச்சைக் கொத்து ஒன்றை ஒடித்து, தான் போகிற பக்கம் கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போவார். அம்மா அதைப் பார்த்துத் திரும்புவாள். கொத்து இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டும். முப்பது வருடக் குடித்தனம் இப்படித்தான் நடந்திருக்கிறது.

இந்த மே மாதம் இருவரும் திருவல்லிக்கேணியில் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவருமே கடலைப் பார்த்ததில்லை. நான் டூட்டி முடிந்து வரும்வரை பொறுங்கள் என்றேன். அப்பாவா பொறுப்பார்? "நடந்தாத்தான் கண்ணு ஊரு புடிபடும்" என்று காலையிலேயே அம்மாவோடு கிளம்பிவிட்டார். வழக்கம்போல அவர் முன்னால். வழக்கம்போல தெருமுனைதோறும் வேப்பங்கொத்து, உடைந்த செங்கல்லுக்கடியில். சென்னையில்!

கடலைக் கண்டதும், "பொன்னம்மா, இங்க பாரு புள்ள!" என்று திரும்பியிருக்கிறார். அம்மா இல்லை.

இருந்தது ஒரே போன், அதுவும் அவர் சட்டைப் பையில். அம்மாவுக்கு என் தெருப் பெயர்கூடத் தெரியாது. வந்த வழியே ஓடினால் ஒரு கொத்தையும் காணோம். தெருக் கூட்டுகிற பெண் எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டிருந்தாள். எந்தச் சந்தில் புகுந்து வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குப் போன் செய்தவர் அழுதுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அழுகிற ஆளை என்னவென்று திட்டுவது? வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

இருவரும் சந்து சந்தாகத் தேடினோம். மூன்று தெரு பிரிகிற முனையில், பூக்கடைக்கு எதிரே, கொளுத்துகிற வெயிலில் அம்மா நின்றிருந்தாள். இரண்டு மணி நேரமாகப் பூக்காரி நிழலுக்குக் கூப்பிட்டும் நகரவில்லையாம்.

"ஏம்புள்ள, யாரையாச்சும் கேக்கறதுதான?" என்றார் அப்பா.

"கொத்தக் காணோமுங்க. அதான் நின்னுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒருக்கா நீங்க திரும்பிப் பார்த்திருந்தா, கொத்தே வேண்டியதில்லீங்களே."



மாலையில் மறுபடியும் கடலுக்குப் புறப்பட்டோம். "நீ முன்னால நட" என்றார் அப்பா. அம்மா தயங்கித் தயங்கி நடந்தாள். ஒவ்வொரு முனையிலும் நின்று, திரும்பி, அவர் வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெருவில் கால் வைத்தாள்.