எஞ்சின் கையும் மஞ்சள் பிளேனும்

என் வீட்டுக்காரர் மெல்ரோய் கண்ணாடியைப் போட்டால் ஊசியில் நூல் கோர்ப்பார். ஆனால் காலடியில் இருக்கிற வாளியில் இடறுவார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறதாம். மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சோறு கேட்கவில்லை. கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்:

"றொஷானி, நான் செய்த ஒண்டு பறக்கிறத ஒருக்கா என்ர கண்ணால பாக்கோணும்."

எனக்கு ஆச்சரியமில்லை. பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் இவர் மீன்பிடி போட்டுகளின் எஞ்சின் திருத்துகிறார். கை எஞ்சினில் இருந்தாலும் கண் மேலே. சீனக்குடா விமானத்தளத்துக்கு ஒரு பிளேன் தாழப் பதிந்து வந்தால் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே போட்டுவிட்டு நிற்பார். எங்கள் கலியாணப் படத்தில் எல்லோரும் கமராவைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த முறைப்பு இன்னும் முடியவில்லை.

கொழும்பிலிருந்து கூரியரில் பெட்டி வந்தது. உள்ளே வெட்டி வைத்த மெல்லிய பலகைத் துண்டுகள், சின்ன மோட்டர், பற்றறி, கையில் பிடிக்கிற றேடியோப் பெட்டி. ஊதினால் பறக்கிற பலகை அது. சாப்பாட்டு மேசை அவருடையதாகிவிட்டது, நான் குசினியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். மத்தியானங்களில் அவர் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வர, பிளேனின் செட்டை, பாரை மீனின் முள்ளைப்போல மேசையில் விரிந்தது. அதன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய தாளை வைத்துச் சூடு காட்டி இழுக்கவேண்டுமாம். அதற்கு என் ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்தார். கோயிலுக்கு உடுத்துகிற என் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கோடு விழுந்தது அப்படித்தான். நான் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்றார், செட்டையைத் தடவிக்கொண்டே.

முடிந்ததும் பிளேனைக் கட்டிலுக்கு மேலே நூலில் தொங்கவிட்டார். மின்விசிறிக் காற்றில் அது மெல்லத் திரும்பும். மத்தியானம் கண்ணயரும்போது எங்களுக்கு மேலே ஒரு மஞ்சள் நிழல் சுவரோடு சுவராகப் போய்வரும். சில நேரம் வீடே நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பினமாதிரி இருக்கும். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு பெட்டி வந்திருக்கும்.

துறைமுகப் பக்கம் பறக்கவிட்டால் நேவிக்காரர் வந்து விசாரிப்பார்கள். அதனால் என் தம்பி பேணாட் இருக்கிற நிலாவெளிக்குக் கொண்டுபோனோம். காலை, கடல் எண்ணெய்போலக் கிடந்தது. பேணாட் ஓடிப்போய் பிளேனை எறிந்தான். அது எழும்பியது, இடப்பக்கம் சரிந்தது. இவர் அதை வலத்துக்குத் திருப்பப் பார்த்தார், அது இன்னும் இடத்துக்குச் சரிந்து மணலில் மூக்கால் குத்தியது.

"நீங்க வலத்துக்குத்தானே திருப்பினீங்கள்?" என்றேன்.

"ஓம். கை பழக்கத்தில இடப்பக்கம் தள்ளிப்போட்டுது."

போட்டில் எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலத்துக்குத் திரும்பும். திருத்திய எஞ்சின்களையெல்லாம் கடலில் ஓட்டிப் பார்த்த கை அது. அதற்கு வேறு விதமாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பிளேனின் மூக்கை ஒட்டினார். ஆனால் அவருடைய உடைந்த முகம் ஒட்டவில்லை. "இனி இந்தக் கை பழகிறதுக்குள்ள கண் போயிடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

"கை மாறாட்டி விடுங்கோ. அந்தப் பெட்டிய மாத்த ஏலாதோ?"

அவர் றேடியோப் பெட்டியைத் திருப்பி, அடியில் இருந்த ஒரு சின்னச் சுவிச்சை நகத்தால் தட்டினார். பிடியை இடப்பக்கம் தள்ள, செட்டை ஓரத்துத் தகடு முதல் அசைந்ததற்கு எதிராக அசைந்தது. சாப்பாட்டு மேசையில் பிளேன் போட் ஆகிவிட்டது.

மறுபடியும் நிலாவெளி. பேணாட் எறிந்தான். இந்த முறை அது கை சொன்னதைக் கேட்டது. கரைவலைத் தோணிக்கு மேலால் போய், கடலுக்கு மேலே வளைந்து, வெயிலில் மஞ்சளாக மிதந்தது. நான் வாய் திறந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால், இவர் முகம் வேறு பக்கம். பிளேன் இல்லாத ஆகாயத்தைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க?" என்றார் மெதுவாக.

பார்வை இவ்வளவு சுருங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாய் தானாக வேலை செய்தது. சின்ன வயதில் அப்பாவின் தோணி வலை வளைக்கும்போது, கரையில் துணியை வீசி வழி சொன்னவள் நான்.

"வெளிய போகுது. கரைக்குத் திருப்புங்கோ. இன்னும். மூக்கு எங்களப் பாக்குது, கொஞ்சம் இறக்குங்கோ."

கை நான் சொன்னபடி அசைந்தது. மோட்டர்ச் சத்தம் இளைத்துக்கொண்டு வந்தது, பற்றறி முடிகிறது. சொல்லிச் சொல்லி அதை இன்னும் கரைக்கு எடுத்தேன், இன்னும் தாழ்த்தினேன். பிறகு அவர் நாடியைப் பிடித்து முகத்தை அலைப் பக்கம் திருப்பினேன்.

"இப்ப நேர பாருங்கோ."

நீரோரமாக, ஆள் உயரத்தில், அது எங்களுக்கு முன்னால் போனது. செட்டையில் என் ஸ்திரிக்கைப் பெட்டி விட்ட சுருக்கங்கள்கூடத் தெரிந்தன.

"கண்டிட்டன்" என்றார். கை றேடியோப் பெட்டியை விட்டுவிட்டது. பிளேன் கொஞ்ச தூரம் தன்பாட்டில் போய் மணலில் வழுக்கி நின்றது.

"எங்க விழுந்தது?"

"வாங்கோ, காட்டுறன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் வலைக்கயிறு கிடந்தது. அவர் இடறுமுன் நான் சொல்லிவிட்டேன்.